மதுரை சாக்சபோன் கலைஞர் ஒலிப்பதிவுக்குப் போகுமுன் திருத்திக்கொள்ள வேண்டிய தவறுகள்

மதுரையில் கல்யாண பேண்டிலும் தேவாலயக் குழுவிலும் ஆல்ட்டோ சாக்சபோன் வாசித்துப் பழகி, ஜாஸும் ஓரளவு கற்று, சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் வாய்ப்புத் தேடுபவர்களுக்கு விரல் வேகம் பெரும்பாலும் போதுமான அளவு இருக்கிறது. அவர்கள் தடுமாறுவது சுருதிக் கணக்கில்தான். ஆல்ட்டோவில் 'சி' வாசித்தால் வெளியே ஒலிப்பது இரண்டரைக் கட்டை, அதாவது 'இ ஃபிளாட்'. ஆகவே ஒரு கட்டையில், அதாவது 'சி' மேஜரில் உள்ள பாட்டுக்குத் தம் கருவியில் 'ஏ'யை ஆதாரமாக வைத்து, எஃப், சி, ஜி மூன்றையும் ஷார்ப்பாக, அதாவது அரை ஸ்வரம் உயர்த்தி வாசிக்க வேண்டும். மண்டபத்தில் காதால் தேடிப் பிடித்துவிடலாம். பதிவிலோ கீபோர்டுக்கு எழுதிய தாளையே நீட்டி, "இந்த எட்டு பார் (தாள ஆவர்த்தனம்) வாசிங்க" என்பார்கள். தெரிந்த மெட்டு ஒன்றைத் தினமும் பன்னிரண்டு சுருதிகளிலும் வாசித்துப் பழகாதவர் அங்கே விழிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வெயிலையும் பலர் கணக்கில் கொள்வதில்லை. குழலுக்குள் காற்று சூடானால் சுருதி ஏறும், குளிர்ந்தால் இறங்கும். சித்திரை வெயிலில் ஏறும் சுருதியை இறக்க மவுத்பீஸை (வாயில் வைத்து ஊதும் பகுதியை) வெளியே இழுத்து வாசித்துப் பழகியவர், பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரவு முழுதும் வந்து, ஏசி அறையில் கருவியை எடுத்தவுடன் பழைய இடத்திலேயே அதைப் பொருத்தினால் சுருதி தாழ்ந்தே நிற்கும். பத்து நிமிடமாவது நீண்ட ஸ்வரங்களை ஊதிக் கருவியைச் சூடேற்றிய பிறகே சுருதி சேர்க்க வேண்டும். நாகஸ்வரக்காரர் கருவியிலேயே மாற்றுச் சீவாளிகளை (ஊதும் நாணல் துண்டுகளை) கட்டித் தொங்கவிட்டிருப்பதை அன்றாடம் பார்க்கும் ஊரிலிருந்து சாக்சபோனுக்குச் சீவாளி போன்ற ரீடு ஒன்றே ஒன்றோடு ரயிலேறுபவர்கள் இருப்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

ஜாஸின் ஸ்விங் நடையில், அடுத்தடுத்த இரண்டு ஸ்வரங்களைச் சம அளவாக வாசிப்பது இன்னொரு தவறு. மெதுவான காலத்தில் அது ஏறத்தாழ திஸ்ரம்: மூன்றில் இரண்டு பங்கு முதல் ஸ்வரத்துக்கு, ஒரு பங்கு அடுத்ததற்கு. காலம் விரைய விரைய அந்த வித்தியாசம் குறைந்து சமத்தை நெருங்கும். ஜாஸ் ஆல்ட்டோ மேதை சார்லி பார்க்கரின் பதிவுகளை வேகம் குறைத்துக் கேட்டு, கூடவே பாடிப் பார்த்தால் இது பிடிபடும். தாளில் அதை அப்படியே எழுதிக் காட்ட முடியாது.

1994இல் வெளிவந்த 'டூயட்' படத்தில் கத்ரி கோபால்நாத் வாசித்ததைக் கேட்டே பலர் இக்கருவிக்கு வந்தார்கள். அந்தக் கமகம் தனி வாசிப்புக்கு அழகு. ஆனால் டிரம்பெட், டெனர் சாக்சபோனோடு சேர்ந்து ஒரே கார்டை (ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரக் கூட்டை) பிடிக்கும் இடத்தில் ஒருவர் மட்டும் ஸ்வரத்தை அசைத்தால் கார்டு முழுவதும் கலங்கிவிடும். அந்தப் பதிவுச் சுற்றை (டேக்கை) மற்ற அனைவரும் மீண்டும் வாசிக்க நேரும்.

சம்பளத்தைக் கூடத்துக்குள் நுழையுமுன்பே பேசி முடித்துவிட வேண்டும். ஓரிரு பதிவுகள் கிடைத்ததும் பேண்டை விட்டுவிடுவதும் கூடாது, ஏனெனில் முகூர்த்த மாதங்களின் வருமானம்தான் குடும்பத்தைத் தாங்குகிறது. முகூர்த்தம் இல்லாத ஆடியும் மார்கழியும் பன்னிரண்டு சுருதிப் பயிற்சிக்கென்றே வாய்த்த மாதங்கள்.