ஹெபடைட்டிஸ் பி நுழையும் வாசல்: மனிதன், குரங்கு, எலி மூன்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

ஹெபடைட்டிஸ் பி வைரஸ் மனிதக் கல்லீரலைப் பிடிக்கிறது. மக்காக் குரங்கையும் எலியையும் விட்டுவிடுகிறது. காரணத்தில் பெரும்பங்கு என்டிசிபி என்ற புரதத்தில் இருக்கிறது. இரத்தத்திலிருந்து பித்த உப்பைக் கல்லீரல் செல்லுக்குள் இழுப்பதுதான் அதன் சொந்த வேலை. வைரஸ் அதைப் பற்றிக்கொண்டுதான் உள்ளே போகிறது என்று 2012-இல் பெய்ஜிங்கில் வென்ஹுய் லீ குழு காட்டியது. இந்தப் புரதம் மூன்று உயிர்களிலும் எங்கே வேறுபடுகிறது என்பதை நம் கண்ணாலேயே பார்க்கலாம். ஆய்வகம் வேண்டாம், மடிக்கணினியும் இணையமும் போதும்.

படி 1: வரிசைகளை இறக்குங்கள்

வரிசை என்றால் புரதத்தின் அமினோ அமிலங்கள் அடுத்தடுத்து நிற்கும் ஒழுங்கு; ஓர் அமினோ அமிலத்துக்கு ஓர் எழுத்து. புரதங்களின் தரவுத்தளமான யூனிப்ராட்டில் மனித என்டிசிபியின் எண் கியூ14973; சுண்டெலிக்கு ஓ08705 (ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்; ‘ஓ’ எழுத்து, அடுத்தது சுழியம்). குரங்குக்கு மரபணுப் பெயரான எஸ்எல்சி10ஏ1-ஐயும் ‘மக்காக்கா ஃபாசிகுலாரிஸ்’ என்ற இனப்பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். துண்டுப் பதிவுகளும் வரும். மனித வரிசையின் நீளமான 349-ஐ ஒட்டியதை எடுங்கள். மூன்றையும் ஃபாஸ்டா என்ற எளிய உரை வடிவில் ஒரே கோப்பில் ஒட்டிவிடுங்கள்.

படி 2: வரிசைகளை ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகப் பொருத்துங்கள்

இப்படிப் பொருத்தித் தரும் இணையக் கருவியான க்ளஸ்டல் ஒமேகாவில் கோப்பைக் கொடுத்தால் சில நொடிகளில் முடியும். முடிவை, அதைப் பார்ப்பதற்கான ஜால்வியூ என்ற மென்பொருளில் திறங்கள். யூனிப்ராட்டுக்குள்ளேயே இதற்கு வசதி உண்டுதான், ஆனால் எண்களைத் துல்லியமாகப் பார்க்க ஜால்வியூ போல வராது. இலவசம் வேறு. தயவுசெய்து வேர்டில் ஒட்டி எண்ணாதீர்கள்.

படி 3: சரியான இடத்தைக் கண்டுபிடியுங்கள்

பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். மேலே ஓடும் அளவுகோல் காட்டுவது நெடுவரிசையின் (column) எண். அமினோ அமிலத்தின் எண் அல்ல. நடுவில் ஓர் இடைவெளிக் கோடு விழுந்தாலும் அதற்குப் பிறகு இரண்டும் ஒத்துப்போகாது. வைரஸ் ஒட்டும் இடத்தைக் குறித்து ஆய்வுக் கட்டுரைகளில் ‘157 முதல் 165 வரை’ என்றால் அது மனித வரிசையின் எண். அளவுகோலை மறந்துவிட்டு, மனித வரிசையின் எழுத்து மேல் சுட்டியை வையுங்கள். உண்மையான எண் சாளரத்தின் அடிப்பட்டையில் தெரியும். சரிபார்க்க ஒரு வழி: அங்கே கே, ஜி, ஐ, வி, ஐ, எஸ், எல், வி, எல் என்று ஒன்பது எழுத்துகள் வரிசையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் தப்பான இடத்தில் நிற்கிறீர்கள்.

இப்போது கீழே குரங்கின் வரிசையைப் பாருங்கள். 158-இல் மனிதனுக்கு ஜி, அதாவது கிளைசின். குரங்குக்கு ஆர், அதாவது ஆர்ஜினின். உருவில் மிகச் சிறிய கிளைசின் இருக்க வேண்டிய இடத்தில் நீளமான ஆர்ஜினின் நீட்டிக்கொண்டு நிற்பதால், வைரஸின் மேலுறைப் புரதத்திலுள்ள ப்ரீஎஸ்1 பகுதியால் அங்கே ஒட்ட முடிவதில்லை. குரங்கின் கல்லீரலில் மனித என்டிசிபியைச் சேர்த்தபோது தொற்று வந்தது.

எலியின் கதை வேறு. 84 முதல் 87 வரை பாருங்கள்: மனிதனுக்கு ஆர், எல், கே, என். எலியின் புரதத்தில் ப்ரீஎஸ்1 ஒட்டிக்கொள்கிறது, ஆனால் தொற்று நடப்பதில்லை. இந்த நான்கு எழுத்துகளை மனிதனுடையதாக மாற்றி, அந்தப் புரதத்தை மனிதச் செல்லில் வைத்தால் வைரஸ் நுழைகிறது. ஒட்டுவது வேறு, நுழைவது வேறு. எலிச் செல்லில் மனித என்டிசிபியை வைத்தாலும் ஹெபடைட்டிஸ் பி சரியாக வளராது. உள்ளே வேறு தடைகள் இருக்கின்றன.

அப்புறம், போகிற போக்கில் 267-ஐயும் பாருங்கள். அங்குள்ள செரின் ஃபினைல் அலனினாக மாறிய வடிவம் கிழக்காசியர் சிலரிடம் உண்டு. அவர்களுக்குத் தொற்று வரும் வாய்ப்பு குறைவு. ப்ரீஎஸ்1-இன் துண்டையே மருந்தாக்கி இந்த வாசலை அடைக்கும் புலெவிர்டைடுக்கு ஐரோப்பாவில் 2020-இல் ஒப்புதல் கிடைத்தது. அது ஹெபடைட்டிஸ் டி-க்கான மருந்து. பி-யின் உறையைக் கடன் வாங்கும் டி-யும் இதே வழியாகத்தான் வருகிறது.

பின்சேர்க்கை: ‘ஒன்பது எழுத்துகளும் கிடைக்கவில்லை’ என்று எழுதிய வாசகர் எடுத்திருந்தது கியூ12908. யூனிப்ராட்டில் அதன் பெயரும் என்டிசிபி2 என்றே தொடங்கும். அது சிறுகுடலில் பித்த உப்பை உறிஞ்சும் உறவுக்காரப் புரதம். இந்த வைரஸுக்கு வாசல் அல்ல.

இன்னொருவர் ஹெபடைட்டிஸ் சி-க்கும் இதே கோப்பு போதுமா என்று கேட்டார். போதாது. அதற்கு சிடி81, எஸ்ஆர்-பி1, க்ளாடின்-1, ஒக்லூடின் என்று பல புரதங்கள் வேண்டும். மனிதன், எலி வேறுபாட்டைப் பார்ப்பதானால் சிடி81-இலும் ஒக்லூடினிலும் தொடங்குங்கள்.