உடலை முதலில் வரையுங்கள், ஆடையைப் பிறகு

ஆடை வடிவமைப்பு வகுப்புகளில் வழக்கமாகக் கற்றுத்தரப்படும் மனித உருவம் ஒன்பது தலை உயரம் கொண்டது. உச்சி முதல் முகவாய் வரையுள்ள நீளத்தை ஒரு தலை எனக் கொண்டால், வளர்ந்த ஒருவரின் உயரம் பெரும்பாலும் ஏழு முதல் ஏழரைத் தலைதான். மிகுதி பெரும்பாலும் கால்களில் கூட்டப்படுகிறது. அந்த நெடுங்கால்களின் மேல் அழகாக விழும் குர்த்தி, ஐந்தடி உயரமும் அகன்ற இடுப்பும் உள்ள பெண்ணின் மேல் வேறொன்றாகிவிடுவதில் வியப்பில்லை. எனவே எல்லா வகை உடல்களுக்கும் வடிவமைக்க விரும்புகிறவர் முதலில் தாளில் உள்ள உடலை மாற்ற வேண்டும்.

ஏ4 தாளில் 3 சென்டிமீட்டரை ஒரு தலையாக வைத்து, 22.5 சென்டிமீட்டருக்கு ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள். இரண்டாம் தலை முடியும் இடத்தில் மார்பு, மூன்றாவது முடியும் இடத்தில் தொப்புள், நான்காவதை ஒட்டித் தொடைகள் பிரியும் இடம், ஐந்தரைக்கு அருகே முழங்கால் என மெல்லிய குறுக்குக் கோடுகளால் குறித்துக்கொள்ளுங்கள். இது தொடங்குவதற்கான சட்டகம் மட்டுமே. குள்ளத்தன்மை உள்ளவர்கள் பலருக்கு உடற்பகுதி ஏறக்குறைய மற்றவர்களுடையதைப் போலவே இருக்க, கைகால்கள் மட்டும் குட்டையாக இருக்கும் என்பதால், முழு உருவத்தையும் சுருக்கி வரைந்தால் அது அவர்களுடைய உடலாகாது.

பருத்த உடலை வரையும்போது ஒல்லியான உருவத்தின் வெளிக்கோட்டை இருபுறமும் அகட்டிவிடுவது பரவலான பழக்கம். எலும்புகள் அப்படி அகலுவதில்லை. மணிக்கட்டும் தோள்மூட்டும் அதிகம் மாறாதிருக்க, மேற்கையிலும் வயிற்றிலும் தொடையிலும்தான் சதை கூடுகிறது. இடுப்புச் சுற்றளவு ஒன்றாகவே உள்ள இருவரில் ஒருவருக்கு வயிறும் மற்றவருக்குப் பின்புறமும் எடுப்பாக இருக்கலாம். முன்பக்கப் படம் இந்த வேறுபாட்டைக் காட்டாது. ஆகவே பக்கவாட்டுத் தோற்றத்தையும் வரைந்த பிறகே ஆடையைத் தொடங்குங்கள்.

வயிறு முன்தள்ளிய உடலில் துணி வயிற்றின் மேல் ஏறி இறங்க வேண்டியிருப்பதால் குர்த்தியின் முன்ஓரம் தூக்கிக்கொள்ளும். முன்பாகத்தின் நடுவில் நீளத்தைக் கூட்டி, பக்கத் தையலை நோக்கி வளைவாகக் குறைத்துக்கொண்டு வந்தால் ஓரம் சமமாக நிற்கும். பெரிய மார்புக்கு டாட்டை (உடல் வளைவுக்கேற்பத் துணியை மடித்துத் தைக்கும் கூர்மடிப்பை) ஆழமாகப் பிடிக்கலாம், அல்லது பிரின்சஸ் கட் (மார்பின் மேலாக வளைந்து இறங்கும் நெடுந்தையல்) வைக்கலாம். டாட்டின் நுனி மார்பு முனைக்கு 2 சென்டிமீட்டர் முன்னதாகவே முடிய வேண்டும். சிறிய ரவிக்கையின் பேப்பர் கட்டிங்கை (தாளில் வெட்டிய மாதிரியை) எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் பெரிதாக்குவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் வழக்கம், ஏனெனில் மார்பளவு கூடும் அளவுக்குத் தோளும் கழுத்தும் கூடுவதில்லை. அப்படித் தைத்த ரவிக்கை தோளிலிருந்து வழுகிக்கொண்டேயிருக்கும், அணிபவரோ குறை தம் உடலில் இருப்பதாக எண்ணிக்கொள்வார்.

அளவு அட்டவணைகளையும் அப்படியே நம்பிவிட முடியாது. ஆடை அளவுகளை வகுப்பதற்காக அமெரிக்க வேளாண் துறை ஏறக்குறைய 15,000 பெண்களை அளந்து 1941இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், வெள்ளையரல்லாத பெண்களின் அளவுகள் கணக்கில் கொள்ளப்படவில்லை.

கைக்குழியை, அதாவது ஆடையின் உடலோடு கை இணையும் வளைவை, பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மேற்கை பருத்தவர்களுக்குக் கைக்குழியை ஆழமாக இறக்கி வெட்டினால் வசதியாக இருக்கும் என்று தோன்றும், ஆனால் கையைத் தூக்கும்போது ஆடை முழுவதும் கூடவே மேலேறும். கைக்குழியை அக்குளை ஒட்டியே வைத்து, சட்டைக்கையின் அகலத்தை மேற்கைப் பகுதியில் மட்டும் கூட்டுங்கள். இன்னும் தளர்வு வேண்டுமானால் அக்குளில் டைமண்ட் வடிவத் துணித்துண்டு ஒன்றை இணைக்கலாம்.

சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கான ஆடையை நிற்கும் உருவத்தின் மேல் வரையவே கூடாது. அமர்ந்த நிலையில் பேன்ட்டின் முன்பக்கம் மடிந்து குவியும், பின்பக்கம் கீழே இழுபடும், கால்ஓரம் மேலேறும். ஆகவே இடுப்பின் பின்பகுதியை உயர்த்தி, முன்பகுதியைத் தாழ்த்தி, கால் நீளத்தைக் கூட்டுங்கள். பின்பாக்கெட்டையும் தடித்த தையலையும் தவிர்த்துவிடுங்கள், ஏனெனில் நெடுநேரம் அமர்ந்திருப்பவருக்கு அவை அழுத்தப் புண்ணை உண்டாக்கக்கூடும். விரல் மூட்டுவலி உள்ளவருக்குச் சிறு கொக்கிகளுக்குப் பதில் வெல்க்ரோவோ வளையம் கோத்த ஜிப்போ உதவும். காந்தப் பொத்தான் வைப்பதானால் அணிபவருக்குப் பேஸ்மேக்கர் (இதயத்துடிப்பைச் சீராக்கும் கருவி) பொருத்தப்பட்டுள்ளதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஏனெனில் காந்தம் அதைப் பாதிக்கக்கூடும்.

முதுகெலும்பு வளைந்து ஒரு தோள் தாழ்ந்தவருக்கு இடமும் வலமும் தனித்தனியே அளக்கப்பட வேண்டும், துணியையும் மடிக்காமல் விரித்தே வெட்ட வேண்டும். நிற்கும்போதும் அமரும்போதும் எடுத்த அளவுகளைப் படத்தின் ஓரத்தில் எழுதிவைத்து, முதலில் காடாத் துணியில் தைத்து அணியச் சொல்லுங்கள். எங்கே இறுக்குகிறது, எதை மறைக்க விரும்புகிறார், எதை எடுத்துக்காட்ட விரும்புகிறார் என்று அணிபவரிடமே கேட்டுத் திருத்திய பிறகு நல்ல துணியை வெட்டலாம். அப்போதும் பக்கத் தையல்களின் உள்ளே ஓர் அங்குலம் கூடுதலாக விட்டுவையுங்கள்.