டாக்டர் ஈசிடி எழுதிட்டாரா? கூட இருக்கறவங்க என்னென்ன செய்யணும்

ஈசிடின்னா தலைல கொஞ்சம் கரண்டு குடுத்து செய்யற மனநோய் வைத்தியம். அதை சீட்டுல எழுதின உடனே நம்ம பக்கம் நெறைய குடும்பம் மூட்டை கட்டிட்டு ஊருக்கு திரும்பிடறாங்க, தலைல கரண்டு வைக்கப் போறாங்களாம்னு பென்னாகரத்துல இருந்து பாலக்கோடு வரைக்கும் சொந்தக்காரங்க போன்ல ஒரே அழுகை. தயவுசெஞ்சு அப்படி திரும்பி வந்துடாதீங்க. சோறு தண்ணி இல்லாம, பேச்சில்லாம, கட்டையாட்டம் ஒரே இடத்துல உக்காந்துட்ட ஆளுக்கும், சாகணும் சாகணும்னே நிக்கற ஆளுக்கும் மாத்திரை வேலை செய்ய வாரக்கணக்குல ஆகும், அதுவரைக்கும் உசுரு தாங்கணும்ல, அதுக்குத்தான் இதை எழுதறாங்க. எங்க அக்காவுக்கு கூட இருந்து பாத்ததை வச்சு சொல்றேன்.

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, இதுல கரண்டு வெறும் தூண்டி விடத்தான், மூளைல வர்ற ஃபிட்ஸ்தான் வைத்தியமே. 1934ல புடாபெஸ்ட்ல மெடுனான்னு ஒரு டாக்டர் கற்பூரத்தை ஊசியா போட்டு ஃபிட்ஸ் வரவச்சு பாத்தாரு, வலிப்பும் ஸ்கிசோஃப்ரீனியாங்கற மனச்சிதைவு நோயும் ஒண்ணுக்கொண்ணு எதிரின்னு நெனச்சாரு, அந்த கணக்கு பின்னாடி நிக்கல, ஆனா வருஷக்கணக்கா அசையாம கெடந்தவங்க சில பேரு எழுந்துட்டாங்க. 1938ல ரோம்ல செர்லெட்டியும் பினியும் அதையே கரண்டுல செஞ்சாங்க. அப்பல்லாம் மயக்க மருந்து கெடையாது, ஒடம்பு தூக்கிப் போட்டு எலும்பே ஒடஞ்சிருக்கு. சினிமால பாத்து நாம பயப்படறது அந்த காலத்து கதை. இப்ப 2017 மனநல சட்டப்படி மயக்க மருந்தும் தசை தளர்ற மருந்தும் இல்லாம ஈசிடி குடுக்கவே கூடாது, அதனால மயக்க டாக்டர் இருப்பாரான்னு தைரியமா கேளுங்க, அது உங்க உரிமை. 18 வயசுக்கு கீழன்னா வீட்டுல கையெழுத்து போட்டா மட்டும் பத்தாது, அந்த சட்டத்துல வர்ற மனநல ஆய்வு போர்டோட அனுமதியும் முன்கூட்டியே வேணும்.

எத்தனை சிட்டிங்னு கேளுங்க, பொதுவா வாரத்துக்கு ரெண்டு மூணுன்னு 6ல இருந்து 12 வரைக்கும் போகும். கரண்டு தலைல ஒரு பக்கமா ரெண்டு பக்கமான்னும் கேளுங்க, வலது பக்கம் மட்டும் வச்சா மறதி கம்மி, ஆனா ஆளு ரொம்ப மோசமா இருந்தா ரெண்டு பக்கமும் வைப்பாங்க. சாப்பிடற எல்லா மாத்திரையும் அட்டையோட கொண்டு போங்க. வலிப்பு மாத்திரை இருந்தா ஃபிட்ஸ் சரியா வராது, லித்தியம்னு மனநிலைய சீரா வைக்கற மாத்திரை இருந்தா அப்புறம் கொழப்பம் கூடலாம், எதை நிறுத்தறதுன்னு டாக்டர்தான் சொல்லணும், நீங்களா நிறுத்தாதீங்க. ஹார்ட், பிபி, முன்னாடி ஸ்ட்ரோக் எதுவா இருந்தாலும் மறைக்காதீங்க.

முந்தின நாள் ராத்திரி களியோ சோறோ நேரத்தோட குடுத்துடுங்க, திட சாப்பாடு கொறஞ்சது 6 மணி நேரம் முன்னாடியே நிக்கணும், தண்ணி எப்ப வரைக்கும்னு ஆஸ்பத்திரில சொல்றதுதான் கணக்கு. பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரிக்கு போறவங்க விடிகாலை பஸ் புடிச்சு கிருஷ்ணகிரி ஸ்டாண்டுல ஒரு டீ வாங்கிக் குடுத்துடுவாங்க, பால் போட்ட டீ போனா அன்னிக்கு சிட்டிங்கே கேன்சல், மயக்கத்துல வாந்தி நுரையீரலுக்குள்ள போயிடும்னு பயம். முந்தின சாயங்காலமே போய் தங்கறது நல்லது. அப்புறம் எண்ணெய், இதை யாரும் சொல்லவே மாட்டாங்க. சீயக்காயோ ஷாம்புவோ போட்டு தலைக்கு ஊத்தி நல்லா காய வச்சு கூட்டிட்டு போங்க, எண்ணெய் பிசுக்கு இருந்தா கரண்டு குடுக்க தலைல வைக்கற எலக்ட்ரோட் ஒழுங்கா ஒட்டாது. கொண்டை ஊசி, மூக்குத்தி, பல் செட், நகப்பாலீஷ் எல்லாம் எடுத்துடுங்க, ஆடற பல் இருந்தா சொல்லிடுங்க, உள்ள போறதுக்கு முன்னாடி பாத்ரூம் போக வைங்க.

உள்ள என்ன நடக்குதுன்னு அக்கா கூட இருந்த நர்ஸ்தான் பொறுமையா சொன்னாங்க. தசை தளர்ற மருந்துக்கு முன்னாடி ஒரு கணுக்கால்ல பிபி பட்டைய சுத்தி இறுக்கிடுவாங்க, மருந்து அந்தப் பாதத்துக்கு போகாது, அதனால ஒடம்பு பூரா அசையாம கெடக்கறப்ப அந்த ஒத்தப் பாதம் மட்டும் வெடுக்கு வெடுக்குனு துடிக்கும், அதை வச்சுத்தான் ஃபிட்ஸ் எத்தனை செகண்டு ஓடுதுன்னு எண்ணுவாங்க, மூளை அலையைக் காட்டற இஈஜிலயும் பாப்பாங்க. பெரும்பாலும் ஒரு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும்.

வெளிய வந்ததும் "நான் யாருன்னு தெரியுதா"ன்னு சோதிக்காதீங்க, அந்த நேரம் கொழப்பம் இருக்கத்தான் செய்யும். நீங்களே பேரு சொல்லி, எங்க இருக்கோம்னு சொல்லி, கையைப் புடிச்சுக்கிட்டா போதும். தலைவலி, ஒடம்பு வலி வரும். அந்த சில வாரம் நடந்ததெல்லாம் மறக்கலாம், சிலருக்கு அதுக்கு முன்னாடி நடந்ததும் கொஞ்சம் போயிடும், சில நினைவு திரும்ப வராமலே கூட போகலாம், இதை டாக்டர்கிட்ட முன்னாடியே பேசிடுங்க. ஒரு நோட்டுல தினமும் யாரு வந்தாங்க, என்ன பேசினாங்கன்னு எழுதி வைங்க, பின்னால படிச்சுப் பாக்க உதவும். கோர்ஸ் முடியற வரைக்கும் வண்டி ஓட்ட விடாதீங்க, நிலம் பத்திரம்னு எதுலயும் கையெழுத்து வாங்காதீங்க.

நல்லாயிட்டாங்கன்னு மாத்திரைய விட்டுடறதுதான் நம்ம ஊர்ல பெரிய ஆபத்து. 2001ல சாக்கைம்னு ஒரு ஆராய்ச்சியாளரோட குழு ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க, மன அழுத்தத்துக்கு ஈசிடி எடுத்து சரியானவங்கள்ல வெறும் டம்மி மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு 6 மாசத்துல 84 சதவீதம் திரும்ப வந்துடுச்சு, நார்ட்ரிப்டிலின்ங்கற மன அழுத்த மாத்திரையோட லித்தியமும் சேத்து சாப்பிட்டவங்களுக்கு 39 சதவீதம். அதனால டிஸ்சார்ஜ் சம்மரிய வாங்காம வராதீங்க, அதைக் காட்டி தர்மபுரி ஜிஎச் மனநல ஓபிலயே மாசாமாசம் மாத்திரைய தொடர முடியுமான்னு கேளுங்க, நடுவுல திரும்ப தூக்கமில்லாம, சாகற பேச்சு ஆரம்பிச்சா அடுத்த தேதி வரைக்கும் காத்திருக்காம அன்னிக்கே கூட்டிட்டு போங்க, ராத்திரில என்ன செய்யறதுன்னு புரியலன்னா 14416க்கு போன் போடுங்க, அரசாங்கத்தோட டெலிமானஸ் லைன் அது, தமிழ்லயே பேசுவாங்க.