புதிதாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரில் டிஸ்ப்ளே வரவில்லையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாகங்களைப் பூட்டி, கேபிள்களைச் செருகி, பவர் பட்டனையும் அழுத்தியாயிற்று. ஃபேன் சுற்றுகிறது, விளக்குகள் எரிகின்றன, மானிட்டர் மட்டும் 'நோ சிக்னல்' என்கிறது. முதல்முறை அசெம்பிள் செய்பவர்களில் நிறையப் பேர் இந்த இடத்தில் வந்து நிற்பார்கள். பதற்றத்தில் ரேமைக் கழற்றுவது, கிராபிக்ஸ் கார்டை மாற்றிச் செருகுவது, பயாஸை (மதர்போர்டின் அடிப்படை மென்பொருளை) ரீசெட் செய்வது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்துவிடுவதுதான் முதல் தவறு. அதற்குப் பிறகு டிஸ்ப்ளே வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது. வராவிட்டால் பழைய கோளாறோடு புதிதாக ஒன்றும் சேர்ந்திருக்கும்.

எந்தப் பாகமும் செத்துவிட்டதாக இப்போதைக்கு நினைக்க வேண்டாம். சரியாக உட்காராத ரேம், மறந்துபோன ஒரு கேபிள், தவறான போர்ட், போதாத பொறுமை, இந்த நான்கையும் பார்த்து முடித்த பிறகு பாகங்களைச் சந்தேகித்தால் போதும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி) பின்பக்க சுவிட்சை அணைத்து, மின்கேபிளை உருவிவிடுங்கள்.

தொடங்கும் முன் ஒரு சின்னச் சோதனை. கம்ப்யூட்டரை ஆன் செய்து கொஞ்ச நேரம் விட்டு, கீபோர்டில் நம் லாக் பட்டனைத் தட்டிப் பாருங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் மதர்போர்டும் பிராசஸரும் ரேமும் அநேகமாக வேலை செய்கின்றன. அப்போது பிரச்சினை கிராபிக்ஸ் கார்டுக்கும் மானிட்டருக்கும் இடையில் இருக்கிறது. விளக்கு மாறவே இல்லையென்றால் கோளாறு அதற்கும் முன்னால். எங்கே தேடத் தொடங்குவது என்பதை இது ஓரளவு காட்டிவிடும்.

கேபிளைத் தவறான இடத்தில் செருகுவது

கிராபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டரில் மானிட்டர் கேபிள் அந்தக் கார்டின் போர்ட்டில்தான் இருக்க வேண்டும். மதர்போர்டின் பின்பக்கமும் எச்டிஎம்ஐ போர்ட் இருப்பதால், கைக்கு முதலில் எட்டுகிற அதில் செருகிவிடுகிறார்கள். கார்டு இருப்பது தெரிந்ததும் பல மதர்போர்டுகள் தங்கள் சொந்த போர்ட்டுக்குப் படத்தை அனுப்புவதை நிறுத்திவிடும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. மதர்போர்டில் எச்டிஎம்ஐ போர்ட் இருக்கிறதே என்று கிராபிக்ஸ் கார்டு வாங்காமல் விடுவது. அந்த போர்ட்டுக்குப் படம் பிராசஸரிலிருந்து வர வேண்டும். இன்டெல்லில் 12400எஃப் போல எண்ணின் கடைசியில் 'எஃப்' இருந்தால் அதில் கிராபிக்ஸ் இல்லை. ஏஎம்டியின் ரைசன் 5600, 5600எக்ஸ் இரண்டிலும் கிடையாது, 5600ஜியில் உண்டு. ரைசன் 7000 வரிசை டெஸ்க்டாப் பிராசஸர்களில் பெரும்பாலானவற்றில் சிறிய கிராபிக்ஸ் இருக்கிறது, 7500எஃப் மாதிரி 'எஃப்' சேர்ந்தவற்றில் இல்லை. பிராசஸர் பெட்டியை எடுத்து எண்ணைக் கடைசி எழுத்துவரை படித்துப் பாருங்கள்.

மானிட்டரின் இன்புட்டையும் பார்த்துவிடுங்கள். கேபிள் டிஸ்ப்ளேபோர்ட்டில் இருக்கும், மானிட்டர் எச்டிஎம்ஐயில் காத்துக்கொண்டிருக்கும். வேறு கருவியில் நன்றாக வேலை செய்யும் கேபிள் ஒன்று கைவசம் இருந்தால் அதையும் மாற்றிப் பார்க்கலாம்.

பிராசஸருக்கான பவர் கேபிளை மறப்பது

ஃபேன் சுற்றுவதால் மின்சாரம் எல்லா இடத்துக்கும் போகிறது என்று நம்பிவிடுகிறோம். ஃபேனுக்கு 24 பின் கேபிளிலிருந்து வருகிற மின்சாரமே போதும். பிராசஸருக்குத் தனியாக ஒரு 8 பின் கேபிள் வேண்டும். அது செருகப்படும் இடம் பெரும்பாலும் மதர்போர்டின் மேல் மூலையில், பிராசஸருக்குப் பக்கத்தில் இருக்கும். பெரிய கூலரும் கேபினட்டின் மேல்தட்டும் மறைத்துக்கொள்வதால் விட்டுப்போவது எளிது. இந்தக் கேபிள் இல்லாமல் ஃபேன் சுற்றும், வண்ண விளக்குகள் எரியும், படம் மட்டும் வராது.

இங்கேயே ஆபத்தான குழப்பம் ஒன்று இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டுக்கான கேபிளும் 8 பின்தான். பிராசஸருடையது நான்கும் நான்குமாகப் பிரியும், கார்டுடையது ஆறும் இரண்டுமாகப் பிரியும். இரண்டிலும் 12 வோல்ட்டும் கிரவுண்டும் எதிரெதிர் வரிசையில் இருக்கின்றன. தவறாகச் செருக முடியாதபடி பின்களின் வடிவம் வேறாக அமைந்திருந்தாலும் பலம்கொடுத்து அழுத்துபவர்கள் இருக்கிறார்கள். கனெக்டரின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். இலகுவாக உள்ளே போகவில்லையென்றால் அது அந்த இடத்துக்கானது அல்ல.

கேபிள்களைத் தனியாகக் கழற்றக்கூடிய மாடுலர் எஸ்எம்பிஎஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய எஸ்எம்பிஎஸ் கேபிள்களைப் புதியதில் பயன்படுத்தவே கூடாது. மதர்போர்டு பக்க முனைக்குப் பொதுவான தரம் இருக்கிறது. எஸ்எம்பிஎஸ் பக்க முனைக்கு இல்லை. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே வயர் வரிசை மாறலாம். கேபிள் அழகாகப் பொருந்தும், ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் ஹார்ட் டிஸ்க்கோ மதர்போர்டோ எரிந்துபோகும். இந்தக் கட்டுரையில் திருத்தவே முடியாத தவறு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

கிராபிக்ஸ் கார்டுக்குத் தனி பவர் தேவையென்றால் அதையும் கொடுத்திருக்க வேண்டும். புதிய கார்டுகளில் வரும் 16 பின் கனெக்டர் இடைவெளியே தெரியாதபடி முழுவதும் உள்ளே போக வேண்டும். பாதி செருகிய நிலையில் கார்டு இயங்காமல் போகலாம், இயங்கினால் கனெக்டர் சூடாகி உருகவும் கூடும்.

ரேமை மெதுவாகச் செருகுவது

விலை கொடுத்து வாங்கியது உடைந்துவிடுமோ என்ற பயத்தில் ரேமை மிருதுவாக அழுத்தி, உட்கார்ந்துவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். அது பாதிதான் உள்ளே போயிருக்கும். இரண்டு முனைகளிலும் கட்டைவிரலால் உறுதியாக அழுத்த வேண்டும். 'கிளிக்' சத்தம் கேட்க வேண்டும். பல போர்டுகளில் லாட்ச் (ரேமைப் பிடிக்கும் கொக்கி) ஒரு முனையில் மட்டும் இருக்கும். லாட்ச் இல்லாத முனைதான் அதிகமாகத் தூக்கி நிற்கிறது, அங்கே ஒருமுறை கூடுதலாக அழுத்திப் பாருங்கள்.

நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ரேம்களைப் போடுகிறீர்கள் என்றால், பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுவது வழக்கம். போர்டில் ஏ2, பி2 என்று அச்சடித்திருப்பார்கள். ஒன்றே ஒன்று போட்டால் ஏ2. உங்கள் மதர்போர்டு கையேட்டிலும் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் 288 பின்தான், ஆனால் நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். இன்டெல்லின் 12 முதல் 14ஆம் தலைமுறை வரை இரண்டு வகை ரேமுக்கும் தனித்தனி மதர்போர்டுகள் வந்ததால், ஒன்றுக்கு மற்றொன்றை வாங்கிவிடுவது நடக்கிறது.

சந்தேகம் தீராவிட்டால் ஒரு ரேமை மட்டும் ஏ2வில் வைத்து ஆன் செய்யுங்கள். அடுத்து அதை எடுத்துவிட்டு இன்னொன்றை அதே இடத்தில். பிறகு ஸ்லாட்டை மாற்றி. இந்த வரிசையில் போனால் பழுது ரேமிலா ஸ்லாட்டிலா என்று பிரித்துவிடலாம்.

ஒரு நிமிடத்தில் அணைத்துவிடுவது

டிடிஆர்5 வந்த பிறகு அதிகமாகியிருக்கும் தவறு இது, அதிகம் பேசப்படாததும் இதுதான். முதல்முறை ஆன் செய்யும்போது மதர்போர்டு ரேமோடு எந்த நேர இடைவெளியில் பேச வேண்டும் என்பதைச் சோதித்துச் சோதித்துத் தானே கண்டுபிடிக்கிறது. மெமரி ட்ரெய்னிங் என்பது இதைத்தான். ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் போர்டுகளில், குறிப்பாக ரேமின் அளவு பெரிதாக இருந்தால், இது பல நிமிடங்கள் எடுக்கும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும், ரேமைக் குறிக்கும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். நடுவில் கம்ப்யூட்டர் தானாகவே ரீஸ்டார்ட் ஆகவும் செய்யும். பார்ப்பவருக்கு அது கெட்டுப்போன கம்ப்யூட்டர் போலவே தோன்றும்.

பயந்து அணைத்தால் சோதனை முதலிலிருந்து தொடங்கும். மறுபடி பயம், மறுபடி அணைப்பு. பயாஸை ரீசெட் செய்தாலும் ரேமை மாற்றினாலும் அதே காத்திருப்பு திரும்ப வருகிறது. ஆகவே ஆன் செய்துவிட்டு 15 நிமிடம் தொடாமல் விடுங்கள். உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் கை சும்மா இருக்காது, எழுந்து போய்விடுவது நல்லது.

போர்டு சொல்வதைக் கவனிக்காமல் இருப்பது

இப்போதைய மதர்போர்டுகள் பலவற்றில் நான்கு சின்ன விளக்குகள் இருக்கின்றன: சிபியு (பிராசஸர்), டிராம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட். ஆன் செய்ததும் ஒவ்வொன்றாக எரிந்து அணையும். எது அணையாமல் நிற்கிறதோ அந்தக் கட்டத்தில் தடை. விஜிஏ நின்றால் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி மறுபடி பூட்டுங்கள், அதன் பவரைப் பாருங்கள். பூட் விளக்கு நின்றால் நல்ல செய்தி. பாகங்கள் சோதனையில் தேறிவிட்டன, இயங்குதளம் இன்னும் போடப்படவில்லை, அவ்வளவுதான். அப்போதும் திரை கறுப்பாக இருந்தால் கேபிளையும் மானிட்டரையும் பாருங்கள். விளக்கு இல்லாத போர்டானால் சிறிய ஸ்பீக்கர் ஒன்றை மாட்டி பீப் ஒலியைக் கேட்கலாம். எத்தனை பீப்புக்கு என்ன பொருள் என்பது போர்டுக்குப் போர்டு மாறும், கையேட்டில்தான் பார்க்க வேண்டும்.

சிபியு விளக்கு நின்றால் மூன்று காரணங்களைப் பாருங்கள். ஒன்று, மேலே சொன்ன 8 பின் கேபிள். இரண்டாவது பயாஸ் வெர்ஷன். மதர்போர்டு தயாரான பிறகு சந்தைக்கு வந்த பிராசஸரை அதன் பழைய பயாஸுக்கு அடையாளம் தெரியாது. பி450 போர்டில் ரைசன் 5000, இன்டெல் 600 வரிசை போர்டில் 13ஆம் தலைமுறை என்று சேர்க்கும்போது இப்படி நடக்கும். உற்பத்தியாளரின் இணையதளத்தில் உங்கள் போர்டுக்கான பிராசஸர் பட்டியலும், எந்த பயாஸிலிருந்து ஆதரவு என்பதும் இருக்கும். பயாஸ் ஃப்ளாஷ்பேக் வசதி உள்ள போர்டு என்றால் பிராசஸர் இல்லாமலேயே அப்டேட் செய்யலாம். பென் டிரைவை ஃபேட்32 வடிவில் ஃபார்மேட் செய்து, கையேடு சொல்லும் பெயரிலேயே ஃபைலை வைத்து, அதற்கென்று குறித்த யுஎஸ்பி போர்ட்டில் செருக வேண்டும். முடியும்வரை மின்சாரம் நிற்கக் கூடாது.

மூன்றாவது வளைந்த பின். இன்டெல்லிலும் ஏஎம்5லும் பின்கள் சாக்கெட்டில் இருக்கின்றன, ஏஎம்டியின் முந்தைய சாக்கெட்டான ஏஎம்4ல் பிராசஸரின் அடியில். சாய்வாக வெளிச்சம் அடித்து, போனில் பெரிதாக்கிப் படமெடுத்தால் வரிசை கலைந்த இடம் தெரியும். ஏஎம்4ல் கூலரை நேராக மேலே இழுத்தால் இடையில் தடவிய தெர்மல் பேஸ்ட் பிடித்துக்கொண்டு பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்துவிடும். கொஞ்ச நேரம் ஓடிச் சூடான பிறகு அணைத்து, லேசாகத் திருகித் திருகி எடுங்கள்.

கேபினட்டுக்குள் வைத்தே மல்லுக்கட்டுவது

இவ்வளவுக்கும் படம் வரவில்லையென்றால் மதர்போர்டை வெளியே எடுத்துவிடுங்கள். சிரமமாகத் தெரிந்தாலும் நேரம் மிச்சமாகும். அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வையுங்கள். வெள்ளி நிறப் பையின் மேல் வேண்டாம், அதன் வெளிப்புறம் மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. பிராசஸர், கூலர், ஒரே ஒரு ரேம், தேவையானால் கிராபிக்ஸ் கார்டு. வேறு எதுவும் கூடாது, ஹார்ட் டிஸ்க்கும் கேபினட் வயர்களும்கூட. பவர் சுவிட்சுக்கான இரண்டு பின்களை ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டால் ஆன் ஆகும். அவற்றில் இருப்பது குறைந்த வோல்ட்டேஜ்தான். எந்த இரண்டு பின் என்பதை மட்டும் கையேட்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே படம் வந்தால் குற்றவாளி கேபினட் பக்கம் இருக்கிறது. போர்டைத் தாங்கும் பித்தளைத் திருகாணிகளில் ஒன்று, போர்டில் துளையே இல்லாத இடத்தில் நின்று பின்பக்கம் ஷார்ட் ஆக்கியிருக்கலாம். பின்பக்கத் தகட்டின் நாக்கு ஒன்று போர்ட்டுக்குள் நுழைந்திருக்கலாம். கூலரின் ஒரு பக்கத் திருகை மட்டும் அதிகம் முறுக்கியிருந்தால் சாக்கெட்டில் அழுத்தம் சீரில்லாமல் ரேம் தெரியாமல் போவதும் உண்டு. வெளியே எடுத்தபோது கூலரைக் கழற்றிப் பூட்டியிருந்தால் அதுவே சரிசெய்திருக்கும்.

பயாஸ் ரீசெட்டை நான் இவ்வளவு பின்னால் வைப்பதற்குக் காரணம், புதிய போர்டில் ரீசெட் செய்ய பெரும்பாலும் எதுவும் இல்லை என்பதுதான். பழைய போர்டு வாங்கியிருந்தால் அது பயன்படும். மின்கேபிளை உருவிவிட்டு, சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வைத்துத் திரும்பப் போடுங்கள்.

ஒரே ரேம், வேறு ரேம், வெளியே எடுத்த போர்டு என்று எல்லாவற்றிலும் அதே விளக்கு நின்றால் இனி பாகத்தைச் சந்தேகிக்கலாம். விற்றவரிடம் போகும்போது எந்த விளக்கு, எந்த ஸ்லாட்டில் எந்த ரேம், எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்று எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

படம் வந்துவிட்டால் ரேமின் வேகத்தைக் கூட்டும் பயாஸ் அமைப்பான எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை உடனே ஆன் செய்ய வேண்டாம். முதலில் பயாஸில் ரேமின் முழு அளவும் தெரிகிறதா, பிராசஸரின் வெப்பம் ஏறிக்கொண்டே போகாமல் நிற்கிறதா என்று பாருங்கள். இயங்குதளத்தைப் போட்டு ஒரு நாள் ஓட்டிய பிறகு ரேமின் வேகத்தைக் கூட்டலாம். அப்போது மறுபடியும் திரை கறுப்பாகும். பழைய 15 நிமிடக் கணக்குதான். போர்டு முயன்று பார்த்து, முடியாவிட்டால் பெரும்பாலும் தானே பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும்.