ஸ்காட்லாந்து நாவலும் சினிமாவும்: படம் பார்த்துட்டு நாம பண்ற தப்புங்க

2023ல 'புவர் திங்ஸ்' வந்து நாலு ஆஸ்கார் அள்ளிட்டு போனதுக்கு அப்புறம்தான் அலஸ்டேர் கிரேன்னு கிளாஸ்கோக்காரர் ஒருத்தர் இந்த நாவலை 1992லயே எழுதி வச்சிருக்காருன்னு நம்மள்ல நிறைய பேருக்கு தெரிய வந்துச்சு. சந்தோஷமான விஷயம். ஆனா கூடவே "நாவல்ல இது இருக்கு, படத்துல இல்ல"ன்னு செக் பண்ணி மார்க் போடற பழக்கமும் வந்துடுச்சு. ஸ்காட்லாந்து இலக்கியத்தை பொறுத்தவரை இந்த செக்லிஸ்ட் ரொம்ப உதவாது, ஏன்னா அந்த ஊர் நாவல்கள்ல முக்கால்வாசி விளையாட்டு என்ன நடந்துச்சுங்கறதுல கிடையாது, அதை யார் சொல்றா, சொல்றவனை எவ்வளவு நம்பலாங்கறதுல இருக்கு. சினிமாக்காரங்க கையில மாட்டினா முதல்ல காணாம போறதும் அந்த சொல்ற ஆள்தான். (நிறைய ஸ்பாய்லர் வரும், இப்பவே சொல்லிடறேன்.)

முதல்ல அடிப்படையான ஒரு குழப்பத்தை முடிச்சிடலாம். கில்ட் (ஸ்காட்லாந்து ஆம்பளைங்க கட்டற கட்டம் போட்ட பாவாடை) போட்டு மலைமேல ஓடினா அது ஸ்காட்டிஷ் இலக்கியப் படம்னு நினைக்கறது. 'மேக்பெத்' ஸ்காட்லாந்து ராஜா கதைதான், எழுதினது இங்கிலாந்துக்காரர் ஷேக்ஸ்பியர். 'அவுட்லேண்டர்' எழுதினவங்க அமெரிக்கர். 'தி லாஸ்ட் கிங் ஆஃப் ஸ்காட்லாண்ட்' பேர்லயே ஸ்காட்லாந்து இருக்கு, ஆனா அது உகாண்டாவோட இடி அமீன் கதை, நாவல் எழுதின ஜைல்ஸ் ஃபோடனும் இங்கிலாந்துக்காரர்தான். டைரக்டர் கெவின் மெக்டொனால்ட் மட்டும் கிளாஸ்கோ ஆள்.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச கூத்து 1995ல நடந்தது. அந்த ஒரே வருஷத்துல 'பிரேவ்ஹார்ட்', 'ராப் ராய்' ரெண்டும் வந்துச்சு. 'ராப் ராய்' வால்டர் ஸ்காட் 1817ல எழுதின நாவல்ல இருந்து எடுத்ததுன்னு பல பேர் அடிச்சு சொல்லுவாங்க, கிடையாது, அது ஆலன் ஷார்ப் தனியா எழுதின ஸ்க்ரீன்ப்ளே, பேரும் அந்த சரித்திர ஆளும்தான் ஒண்ணு. 'பிரேவ்ஹார்ட்'டை சரித்திரப் படம்னு நினைச்சு எல்லாரும் கிழிச்சாங்க, ஸ்டர்லிங் பாலத்துச் சண்டையில பாலமே இல்ல, படத்தோட ஹீரோ வாலஸை கொன்ன 1305ல, அவரைக் காதலிக்கறதா காட்டின இளவரசி இசபெல்லா சின்னப் பொண்ணு, அப்படின்னு பெரிய லிஸ்ட்டே இருக்கு, எல்லாம் நியாயமான புகார்தான். ஆனா அந்த ஸ்க்ரீன்ப்ளேக்கு பெரிய ஆதாரமா இருந்தது 15ஆம் நூற்றாண்டுல பிளைண்ட் ஹாரின்னு ஒரு கவிஞர் பாடின நீண்ட வீரகாவியம், அவரே வாலஸ் செத்து நூத்தி எழுபது வருஷம் போல கழிச்சு கதை அளந்தவர்தான். ஆக நாவல்னு நினைக்கற படம் நாவல் இல்ல, சரித்திரம்னு நினைக்கற படத்துக்குள்ள ஒரு பழைய காவியம் உக்காந்துட்டு இருக்கு.

இதோட மறுபக்கத் தப்பு இன்னும் பெருசு: ஸ்காட்லாந்து கண்ணுல படலன்னா கணக்குலயே சேர்க்கறது இல்ல. 'தி கன்ஸ் ஆஃப் நவரோன்' எழுதின அலிஸ்டேர் மெக்லீன் கிளாஸ்கோவுல பிறந்து, வீட்டுல கேலிக் (ஸ்காட்லாந்தோட பழைய மொழி) பேசி வளர்ந்தவர். அவரோட 1957 நாவல்ல ஆம்பளைங்களா இருந்த ரெண்டு கிரேக்க போராளிகளை 1961 படத்துல பொம்பளைங்களா மாத்திட்டாங்க. ஏ.ஜே. க்ரோனின் இன்னொருத்தர், டாக்டரா இருந்து எழுத்தாளர் ஆனவர், கார்ட்ராஸ்ல பிறந்தவர். இவரோட 'தி ஜூடாஸ் ட்ரீ' நாவலை தழுவிதான் குல்சார் 1975ல ஹிந்தியில 'மௌசம்' எடுத்தாரு, அதோட தமிழ் ரீமேக் 1982ல சிவாஜி நடிச்ச 'வசந்தத்தில் ஓர் நாள்'. ரெண்டு கை மாறி வந்ததால மூலம் ஸ்காட்லாந்துக்காரரோடதுன்னு யாருக்கும் தோணறதே இல்ல. 'தேரே மேரே சப்னே'வும் க்ரோனினோட 'தி சிட்டாடல்' தான்.

சரி, இப்ப பெரிய தப்புக்கு வருவோம். ஸ்டீவன்சன் 1886ல எழுதின ஜெக்கில் - ஹைட் கதை. எல்லாருக்கும் தெரியும்: நல்ல டாக்டர் மருந்து குடிச்சா கெட்டவனா மாறுவாரு, அவருக்கு நிச்சயம் பண்ணின பொண்ணு ஒருத்தி, பார்ல ஆடற பொண்ணு ஒருத்தி, நடுவுல இவரு. இதுல அந்த ரெண்டு பொண்ணுங்களும் புஸ்தகத்துல கிடையவே கிடையாது! நிச்சயம் பண்ணின பொண்ணு 1887ல அமெரிக்காவுல போட்ட மேடை நாடகத்துல நுழைஞ்சா, நடன விடுதிப் பொண்ணு 1920ல ஜான் பேரிமோர் படத்துல சேர்ந்துக்கிட்டா, 1931ல ஃப்ரெட்ரிக் மார்ச் நடிச்சு ஆஸ்கார் வாங்கின படம் அதை அப்படியே வளர்த்துச்சு, 1941ல ஸ்பென்சர் ட்ரேசி படம் அந்த 1931 படத்தோட ரீமேக்தான். அதாவது படம் படத்தைப் பார்த்து எடுக்கறாங்க, புஸ்தகம் எங்கயோ அலமாரியில கிடக்கு. அதனால "ஸ்டீவன்சன் பெண்களை இப்படி காட்டிட்டாரே"ன்னு எழுதறதுக்கு முன்னாடி புஸ்தகத்தை ஒரு தடவை புரட்டிடுங்க, நூறு பக்கம்கூட வராது.

ஆனா பொண்ணுங்க சேர்ந்ததை விட பெரிய மாற்றம் ஒண்ணு இருக்கு. நாவல் முழுக்க அட்டர்சன்னு ஒரு வக்கீல் பின்னாடியே நாம போறோம். அவருக்கு ஒண்ணும் தெரியாது, ஹைட்ங்கற ஒரு அசிங்கமான ஆளு தன் நண்பன் ஜெக்கிலை மிரட்டி பணம் பறிக்கறான்னு சந்தேகப்படறாரு, அவ்வளவுதான். ரெண்டு பேரும் ஒரே ஆள்ங்கறது கடைசில ரெண்டு வாக்குமூலத்துல, ஒண்ணு ஜெக்கிலோட நண்பர் டாக்டர் லேன்யன் எழுதினது, இன்னொண்ணு ஜெக்கில் எழுதினது, அங்கதான் உடையும். 1886ல படிச்சவனுக்கு அது ட்விஸ்ட். நமக்கு பேரைக் கேட்டாலே விஷயம் தெரியும், அதனால சினிமா அட்டர்சனை ஓரம் கட்டிட்டு முதல் சீன்லயே ஜெக்கில் கூட ஒட்டிக்குது, 1931 படத்துல கேமராவே ஜெக்கிலோட கண்ணா மாறித்தான் படம் ஆரம்பிக்கும். துப்பறியற கதை போய் சோகக் கதை ஆயிடுச்சு. அதுக்காக படம் மோசம்னு நான் சொல்லல, அது வேற ஒரு கதை, அவ்வளவுதான். இன்னொண்ணு, புஸ்தகத்து ஹைட் குள்ளமா, ஜெக்கிலை விட வயசு கம்மியா இருப்பான், பார்த்தவங்களுக்கு அருவருப்பு வரும் ஆனா எது கோணல்னு யாராலயும் சொல்ல முடியாது. இதை எந்த மேக்கப்மேனால காட்ட முடியும்? அதான் பல்லும் முடியும் ஒட்டி விட்டுடறாங்க.

மேடை நாடகம் நடுவுல புகுந்த இன்னொரு கேஸ் 'தி ப்ரைம் ஆஃப் மிஸ் ஜீன் ப்ராடி'. மேகி ஸ்மித்துக்கு ஆஸ்கார் வாங்கிக் குடுத்த 1969 படம். இதை ம்யூரியல் ஸ்பார்க்கோட 1961 நாவலோட நேரா ஒப்பிட்டு எழுதறது தப்பு, ஏன்னா நடுவுல 1966ல ஜே ப்ரெஸன் ஆலன் எழுதின நாடகம் இருக்கு, படத்துக்கும் அவங்கதான் ஸ்க்ரீன்ப்ளே. நாவல்ல ஸ்பார்க் பண்ற வேலை என்னன்னா, எடின்பரோவுல 1930கள்ல பள்ளிக்கூடத்துப் பொண்ணுங்களை காட்டிட்டே இருக்கும்போது போற போக்குல ஒருத்தியோட சாவை சொல்லிட்டு போயிடுவாங்க. மேரி மெக்ரெகர்ங்கற மக்குப் பொண்ணு 23 வயசுல ஒரு ஹோட்டல் தீயில மாட்டி செத்துப் போவான்னு ஆரம்பத்துலயே தெரிஞ்சிடும். அதுக்கப்புறம் டீச்சர் ஜீன் ப்ராடி அவளை திட்டற ஒவ்வொரு சீனும் படிக்கவே சங்கடமா இருக்கும். டீச்சரை காட்டிக் குடுத்தது அவங்க மாணவி சாண்டிதான்ங்கறதும் நமக்கு முன்னாடியே தெரியும், அவ பின்னாடி கன்னியாஸ்திரியா கம்பிக்குப் பின்னாடி உக்காந்துட்டு வர்றவங்ககிட்ட பேசறதும் நடுநடுவுல வரும். படத்துல இதெல்லாம் எடுத்துட்டு நேர்கோட்டுல கதை சொல்லிட்டாங்க. மேரி தீயில சாகாம ஸ்பெயினுக்குப் போய் சாகறா, அது நாவல்ல ஜாய்ஸ் எமிலின்னு வேற ஒரு பொண்ணுக்கு நடந்தது. ரெண்டு பொண்ணுங்களை ஒண்ணாக்கினது சின்ன விஷயம், டிராமாவுக்கு அது லாபம்தான். முன்கூட்டியே எல்லாம் தெரிஞ்ச அந்தக் குரூரமான குரல் போனதுதான் இழப்பு. மேகி ஸ்மித் நடிப்பு அந்தப் பள்ளத்தை பாதி மூடிடுது, அதை ஒத்துக்கணும்.

'புவர் திங்ஸ்' விஷயத்துல "கிளாஸ்கோவை லண்டனா மாத்திட்டாங்க"ங்கற புகாரோட நின்னுடறது இன்னொரு தப்பு. கிரே வாழ்நாள் முழுக்க எழுதினதும் வரைஞ்சதும் கிளாஸ்கோவைத்தான், அதனால ஊர்க்காரங்களுக்கு வந்த கோவத்துல நியாயம் இருக்கு. படத்துல மிச்சம் இருக்கற ஸ்காட்லாந்து வில்லெம் டஃபோவோட பேச்சுல மட்டும்தான். ஆனா நாவலோட அமைப்பைப் பாருங்க. கிரே என்ன சொல்றாருன்னா, இதை நான் எழுதல, ஆர்ச்சிபால்ட் மெக்கேண்ட்லஸ்னு ஒரு டாக்டர் எழுதின பழைய புஸ்தகம் கிடைச்சுது, நான் எடிட் மட்டும்தான் பண்ணேன்னு. அந்த டாக்டர் சொல்ற கதைதான் செத்த பொண்ணோட உடம்புல குழந்தை மூளை வச்சு உயிர் குடுத்த கதை. அது முடிஞ்சதும் அந்தப் பொண்ணே, இப்ப விக்டோரியா, தானும் ஒரு டாக்டர், ஒரு கடிதம் எழுதியிருக்காங்க: என் புருஷன் எழுதினது அத்தனையும் பொய், நான் சாதாரணமா பிறந்து வளர்ந்தவ, கொடுமைக்கார முதல் புருஷன்கிட்ட இருந்து ஓடி வந்தவ. அதுக்கும் பின்னாடி எடிட்டர் குறிப்புகள், அதுல கிரே புருஷன் பக்கம் சாயற மாதிரி நடிப்பாரு. யாரை நம்பறது?

படத்துல கடிதமே இல்ல, மூளை மாத்தின கதை உண்மையாவே நடந்ததா ஆயிடுச்சு. எம்மா ஸ்டோன் நடிப்பைப் பத்தி எனக்கு எந்தக் குறையும் இல்ல, ஆனா "பெண் விடுதலை பத்தின படமா, இல்ல ஆம்பளைங்க கற்பனையா"ன்னு ரிலீஸ் ஆனப்ப அவ்வளவு சண்டை நடந்துச்சே, அந்தக் கேள்வியை நாவல் தனக்குள்ளயே, அந்தப் பொண்ணு வாயாலயே கேட்டுடுச்சு. இது கிரே திடீர்னு கண்டுபிடிச்ச உத்தியும் இல்ல. ஸ்காட்லாந்து எழுத்தாளர் ஜேம்ஸ் ஹாக் 1824லயே ஒரு பாவியோட வாக்குமூலத்தை இதே மாதிரி முதல்ல எடிட்டர் சொல்ற மாதிரியும் அப்புறம் பாவியே சொல்ற மாதிரியும் எழுதி வச்சாரு, ரெண்டும் ஒத்துப் போகாது. அதை 1980கள்ல படமா எடுக்க துணிஞ்சது போலந்து டைரக்டர் வோய்சியெக் ஹாஸ்.

'ட்ரெய்ன்ஸ்பாட்டிங்' பார்த்துட்டு ரென்டன்தான் நாவலோட ஹீரோன்னு எழுதறவங்களும் இதே குழியிலதான் விழறாங்க. இர்வின் வெல்ஷோட 1993 நாவல் எடின்பரோ ஹெராயின் அடிமைகளைப் பத்தின துண்டு துண்டான கதைகள், ரென்டன் நிறைய பேசறான்தான், ஆனா ஸ்பட், பெக்பி, கெல்லின்னு ஆளாளுக்கு அவங்கவங்க பாணியில, எடின்பரோ துறைமுகப் பகுதியான லீத்தோட பேச்சுல சொல்லுவாங்க, யார் பேசறான்னு நாலு வரி படிச்சாதான் பிடிபடும். ஸ்க்ரீன்ப்ளே எழுதின ஜான் ஹாட்ஜ் 1996 படத்துக்கு ரென்டன் வாய்ஸ் ஓவரை வச்சு ஒரே நூல்ல கோத்துட்டாரு, வேற வழியும் இல்லன்னுதான் நினைக்கறேன். இதுல போனது எச்ஐவி. 80கள்ல எடின்பரோவுல ஊசியை மாத்தி மாத்தி போட்டு பரவின அந்த நோய் நாவல் முழுக்க நிழலா இருக்கும், படத்துல டாமி ஒருத்தன் தலையில மொத்தமா வச்சு முடிச்சுட்டாங்க. நாவலோட பேருக்கு காரணமான, மூடிப்போன லீத் சென்ட்ரல் ஸ்டேஷன்ல பெக்பி தன் குடிகார அப்பனைப் பார்க்கற அத்தியாயமும் 1996 படத்துல இல்ல. அதனால 'படம் போதைய கொண்டாடுது'ங்கற குற்றச்சாட்டை அப்படியே நாவல் மேலயும் தூக்கிப் போட வேணாம்.

எங்க ஷூட் பண்ணாங்கன்னு பிடிச்சுக்கிட்டு சண்டை போடறது வீண் வேலை. எடின்பரோ கதையான 'ட்ரெய்ன்ஸ்பாட்டிங்' பெரும்பாலும் எடுத்தது கிளாஸ்கோவுல, டெரன்ஸ் டேவிஸோட 'சன்செட் சாங்'ல வர்ற ஸ்காட்லாந்து வயல்ல கொஞ்சம் நியூசிலாந்து. பார்த்தப்ப உங்களுக்கு உறுத்துச்சா? இல்லல்ல.

இதெல்லாம் படிச்சுட்டு 'அப்ப நாவல்படி எடுத்தாதான் நல்ல படம்'னு முடிவு பண்ணிடாதீங்க, அதுதான் எல்லாத்துலயும் மோசமான தப்பு. ஜான் பக்கனோட 1915 நாவல் 'தி தர்ட்டி நைன் ஸ்டெப்ஸ்'ல காதலி இல்ல, ஃபோர்த் பாலத்துல ரயில்ல இருந்து இறங்கி ஒளியற சீன் இல்ல, எல்லாத்தையும் மனப்பாடமா சொல்ற மிஸ்டர் மெமரி இல்ல. ஹிட்ச்காக் 1935ல எல்லாத்தையும் சேர்த்தாரு, நாவல் தலைப்புல இருக்கற, கடலுக்கு இறங்கற 39 படிக்கட்டை உளவுக் கும்பலோட பேரா மாத்தினாரு, இன்னைக்கும் ஜனங்களுக்கு ஞாபகம் இருக்கறது அவர் சேர்த்ததுதான். 1978 படம் பழைய காலகட்டத்துக்குத் திரும்பிப் போச்சு, ஆனா அதுலயும் ஞாபகம் நிக்கறது பிக் பென் முள்ளுல ஹீரோ தொங்கற சீன், அதுவும் பக்கன் எழுதினது கிடையாது!

சொல்ற குரல் போனாலும் அந்த இடத்துல சினிமா வேற ஏதாவது வைக்குதான்னு பாருங்க. லின் ராம்சே 2002ல 'மோர்வர்ன் காலர்' எடுத்தப்ப அதைத்தான் பண்ணாங்க. ஆலன் வார்னரோட 1995 நாவல் முழுக்க மோர்வர்ன் தன் வாயால சொல்றது, செத்துப் போன காதலனோட நாவலை தன் பேர் போட்டு அனுப்பிடற பொண்ணு. ராம்சே வாய்ஸ் ஓவரே வைக்கல. சமந்தா மார்ட்டன் பெரும்பாலும் பேசவே மாட்டாங்க, பேசினாலும் இங்கிலாந்து ஆக்சென்ட், அவங்க ஹெட்ஃபோன்ல ஓடற பாட்டுதான் நமக்கு அவங்க மனசு. ஜானதன் கிளேசரோட 'அண்டர் தி ஸ்கின்' இன்னும் ஒரு படி மேல போய், மிஷல் ஃபேபர் நாவல்ல இருந்த வேற்றுகிரகத்து இறைச்சி வியாபாரம், பேரு, பின்கதை எல்லாத்தையும் தூக்கிட்டு, ஸ்கார்லெட் ஜோஹான்சனை வேன்ல உக்கார வச்சு கிளாஸ்கோ தெருவுல மறைவா கேமரா வச்சு எடுத்தாரு. நாவல்ல நாம அந்த வேற்றுகிரகப் பொண்ணோட மண்டைக்குள்ள இருப்போம், படத்துல வெளிய நின்னு பார்ப்போம், ரெண்டுலயும் பயம் வருது ஆனா வேற வேற பயம்.

எதுல ஆரம்பிக்கறதுன்னு கேட்டா, ஜீன் ப்ராடியை முதல்ல படிங்க, சின்ன புஸ்தகம், ரெண்டு மூணு நாள்ல முடிஞ்சிடும், அப்புறம் படம். 'ட்ரெய்ன்ஸ்பாட்டிங்'குக்கு நேர் எதிர், படம் பார்த்துட்டு போனா அந்தப் பேச்சு காதுல விழ ஆரம்பிச்சிருக்கும், பக்கம் கொஞ்சம் சுலபமா நகரும். 'புவர் திங்ஸ்' எந்த வரிசையில வேணா பண்ணுங்க, ஆனா மெக்கேண்ட்லஸ் கதை முடிஞ்சதும் மிச்சம் ஏதோ பின்னிணைப்புன்னு நினைச்சு மூடி வச்சிடாதீங்க, விக்டோரியா பேச ஆரம்பிக்கறதே அங்கதான்.