பிள்ளைகளோடு பழைய கொழும்பைச் சுற்ற ஒரு சனிக்கிழமை

யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ, கனடாவிலிருந்தோ வந்து வெள்ளவத்தையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கும் குடும்பங்கள் வழக்கமாகச் செய்யும் பிழை ஒன்றுண்டு. மிருகக்காட்சிசாலை, தாமரைக் கோபுரம், காலி முகத்திடல் எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்கப் பார்ப்பார்கள். பின்னேரம் மூன்று மணிக்குப் பிள்ளை அழத் தொடங்கும், பெரியவர்களுக்குத் தலையிடி தொடங்கும். காரணம் பிள்ளையின் பிடிவாதம் அல்ல. கொழும்பில் ஆண்டு முழுவதும் பகல் வெப்பம் 30 பாகையைத் தாண்டும். காற்றில் ஈரம் அதிகமாக இருப்பதால் வியர்வை உடம்பிலேயே நிற்கும், காய்ந்தால்தானே உடம்பு குளிரும்.

ஆகவே பொழுதை வெயிலின் கணக்கில் வெட்டுங்கள். காலை 7 முதல் 10 வரை தெருவில். 10 முதல் 12.30 வரை கூரைக்குக் கீழே. அதன்பின் சாப்பாடும் நித்திரையும். 4.30க்குப் பிறகு கடற்கரை. இந்த ஒழுங்கை மாற்றாமல் இருந்தால் மற்றதெல்லாம் தன்பாட்டில் சரியாகும்.

இடங்களைத் தெரிவதற்கும் ஒரு வழி இருக்கிறது. ஆண்டுகளையும் ஆட்சியாளர் பெயர்களையும் அடுக்கினால் எட்டு வயதுப் பிள்ளை காதில் வாங்காது. ஆனால் காலையில் கேட்ட ஒரு பெயர் மத்தியானம் வேறோர் இடத்தில் திரும்பவும் வந்தால் "அவரா இவர்?" என்று தானாகக் கேட்கும். கீழே சொல்லும் சுற்று அப்படி அமைத்தது. சனிக்கிழமையே இதற்கு ஏற்ற நாள். காலை ரயிலில் அலுவலகக் கூட்டம் குறைவு, நூதனசாலைகளும் திறந்திருக்கும். ஞாயிறன்று புறக்கோட்டை வெறிச்சென்று நடக்க வசதியாக இருக்கும், ஆனால் ஒல்லாந்தர் கால நூதனசாலையைப் பார்க்க முடியாது. போயா தினமோ வேறு அரச விடுமுறையோ அந்தச் சனிக்கிழமையில் விழுகிறதா என்று நாட்காட்டியை முதலே பாருங்கள்.

பையில் என்ன வேண்டும்

ஆளுக்கு ஒரு 750 மில்லிலீற்றர் தண்ணீர்ப் போத்தல், விளிம்புள்ள தொப்பி, மாற்று மேற்சட்டை ஒன்று, கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் முழங்காலை மூடும் உடுப்பு. சப்பாத்தைவிடப் பின்பட்டி வைத்த செருப்பு நல்லது, ஒரு நாளில் நாலைந்து தடவை கழற்றவேண்டி வரும். பகலில் கடிக்கும் நுளம்புதான் டெங்கைக் கொண்டுவருவது, காலையிலும் பின்னேரத்திலும் அதன் கடி அதிகம். நுளம்புத் தைலத்தை வீட்டிலேயே பூசிவிட்டுக் கிளம்புங்கள். மருந்துக்கடையில் ஜீவனி (உடம்பு இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் கரைசல் தூள்) பைக்கற் இரண்டு வாங்கி வையுங்கள். ஒரு பைக்கற்றை முழுதாக ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரைக்க வேண்டும். சின்னப் போத்தலில் "கொஞ்சம் கடுமையாக" கரைத்துக் கொடுத்தால் உப்பு கூடிப் பிள்ளைக்குக் கெடுதல். கரைத்ததை 24 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்க வேண்டாம்.

தள்ளுவண்டிலைப் புறக்கோட்டைக்குக் கொண்டுபோகாதீர்கள். நடைபாதை ஓரிடத்தில் உயரும், ஓரிடத்தில் கடைச் சாமான்களால் மறையும், ஓரிடத்தில் வடிகால் மூடி இருக்காது. கைக்குழந்தையை நெஞ்சோடு கட்டும் துணிப்பையே அங்கே உதவும்.

காலை: ரயிலும் இரண்டு கட்டடங்களும்

வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு ஆட்டோ பிடிப்பதைவிட ரயிலே சிறந்தது. பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி என்று தண்டவாளம் கடலை ஒட்டியே போகிறது. வடக்கு நோக்கிப் போகையில் கடல் இடது பக்கம், யன்னலைப் பார்த்து அங்கே உட்காருங்கள். ரயில் ஓடும்போதும் கதவுகள் திறந்தே கிடக்கும், வளர்ந்தவர்கள் வாசலில் தொங்கிக்கொண்டு வருவதைப் பிள்ளை பார்க்கும். ஏறுமுன்பே கையைப் பிடித்துச் சொல்லிவிடுங்கள். மேடைக்கும் படிக்கும் இடைவெளி இருப்பதால் ஒரு பெரியவர் முதலில் ஏறிப் பிள்ளையை வாங்கிக்கொள்ள, மற்றவர் கடைசியில் ஏறுவது முறை. இறங்கும்போதும் அப்படியே. ரிக்கெற்றை எறியவேண்டாம், வெளியேறும் வாசலில் கேட்பார்கள்.

7.30 அளவில் கோட்டையில் இறங்கினால் சத்தாம் வீதியும் ஜனாதிபதி மாவத்தையும் சந்திக்கும் மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பிள்ளையின் நடையில் இருபது நிமிடம். வீதியின் நடுவில் நிற்கும் இந்தக் கோபுரம் 1857இல் கட்டி முடிந்தது. வரைந்து கொடுத்தவர் அப்போதைய ஆளுநர் சேர் ஹென்றி வார்டின் மனைவி. மணிக்கூடு அதற்கும் 43 ஆண்டுகளுக்கு முன்பே, 1814இல் வாங்கப்பட்டது. கோபுரம் கட்டக் காசில்லாமல் களஞ்சியத்தில் கிடந்தது. பின்னர் இதே கோபுரம் கலங்கரை விளக்காகவும் இருந்தது. சுற்றிலும் உயர்ந்த கட்டடங்கள் வந்து கப்பல்களுக்கு வெளிச்சம் தெரியாமல் போனதால் 1952இல் விளக்கை நிறுத்தினார்கள். "இங்கே நின்றால் கடல் தெரிகிறதா?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். ஏன் நிறுத்தினார்கள் என்பதை அதுவே சொல்லும். வார்ட் என்ற பெயரை மட்டும் நினைவில் வைக்கச் சொல்லுங்கள், பின்னேரம் தேவைப்படும். இந்தப் பகுதியில் படையினரையும் காவலரண்களையும் படம் எடுக்க வேண்டாம்.

அங்கிருந்து புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவுக்கு வாருங்கள். சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல், சிவப்புப் பள்ளி என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். 1908இல் தொடங்கி அடுத்த ஆண்டே முடித்த கட்டடம், சிவப்பும் வெள்ளையுமாக வரிவரியாக நிற்கும். கூரைமேல் இருக்கும் கும்மட்டங்கள் மாதுளம்பழ வடிவம். எத்தனை மாதுளை என்று எண்ணச் சொன்னால் அண்ணனும் தங்கையும் வேறு வேறு கணக்குச் சொல்லிச் சண்டை பிடிப்பார்கள், நல்லதுதான், கட்டடத்தை ஊன்றிப் பார்த்துவிட்டார்கள் என்று பொருள். எதிர்ப்பக்க நடைபாதையில் கடைச் சுவரோடு ஒட்டி நின்று பாருங்கள். உள்ளே போக விரும்பினால் தொழுகை நேரம் தவிர்த்து, வாசலில் கேட்டு, தலையையும் கைகாலையும் மூடிப் போங்கள்.

கடைகள் திறக்கத் தொடங்கியதும் நாட்டாமிகள் (சுமை தூக்கும் தொழிலாளர்) மூட்டை ஏற்றிய கைவண்டிலைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். பாரத்தோடு வரும் வண்டிலை அவர்களால் சட்டென்று நிறுத்த முடியாது. வண்டிலின் கட்டைகளும் பெரியவரின் இடுப்பு உயரத்தில் இருக்கும், ஆறு வயதுப் பிள்ளைக்கு அது முகத்துக்கு நேர். பிள்ளையை எப்போதும் கடைப் பக்கமாக நடத்துங்கள், குரல் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் முதலில் ஒதுங்குங்கள்.

ஒன்பது மணிக்குப் பிரின்ஸ் வீதியிலுள்ள ஒல்லாந்தர் கால நூதனசாலை. தடித்த தூண்கள், உயர்ந்த கூரை, பின்னால் ஒரு முற்றம். தெருவின் சத்தம் வாசலோடு நின்றுவிடும். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்த ஆளுநர் தோமஸ் வான் ரீ இருந்த வீடு இது. அரை மணி நேரம் போதும். வீட்டுக்காரரின் பெயரைப் பிள்ளையின் கொப்பியில் எழுதிக்கொள்ளச் சொல்லி, ஆட்டோவில் ஏறுங்கள். செயலியில் பிடித்தால் விலைபேசும் வேலை இல்லை.

ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் புறக்கோட்டையை விட்டுவிட்டு நேரே தேசிய நூதனசாலைக்குப் போவதே சரி.

மத்தியானத்துக்கு முன்: சிம்மாசனமும் ஒரு கல்லும்

கறுவாத்தோட்டத்திலுள்ள தேசிய நூதனசாலை 1877இல் ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில் திறந்தது. எல்லா மண்டபங்களையும் பார்க்க முயலாதீர்கள். மூன்று பொருள், ஒன்றரை மணி நேரம், இடையில் வெளியே ஆலமரத்தடியில் ஒரு ஓய்வு. பிள்ளை வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருந்தால் நுழைவுக் கட்டணம் வேறு. பெரிய பைகளை வாசலில் வைக்கச் சொல்வார்கள், காசையும் தண்ணீரையும் சின்னப் பைக்குள் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் கண்டி மன்னரின் சிம்மாசனம். கை வைக்கும் இரு பக்கமும் சிங்கங்கள். 1693இல் இதை இரண்டாம் விமலதர்மசூரியனுக்குப் பரிசாகக் கொடுத்தவர் தோமஸ் வான் ரீ, ஒரு மணி நேரத்துக்கு முன் பார்த்த வீட்டுக்காரர். கொப்பியை எடுக்கச் சொல்லுங்கள். இதில் கடைசியாக அமர்ந்தவர் கண்ணுசாமி என்ற இயற்பெயருடைய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். 1815இல் ஆங்கிலேயர் அவரைப் பிடித்து வேலூருக்கு அனுப்பினார்கள், சிம்மாசனம் இங்கிலாந்துக்குப் போய் 1934இல்தான் திரும்பி வந்தது.

இரண்டாவது, பொலன்னறுவையில் கிடைத்த செப்புத் திருமேனிகள். நடராசரைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. காலடியில் கிடக்கும் முயலகனை மட்டும் தேடச் சொல்லுங்கள்.

மூன்றாவதுக்குத்தான் கூடுதல் நேரம் வைத்திருக்க வேண்டும். காலியில் 1911இல் கண்டெடுத்த மும்மொழிக் கல். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ கொண்டுவந்தது, அதிலுள்ள ஆண்டு 1409. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகளில் மூன்று வழிபாடுகள். சீனப் பகுதி புத்தருக்கு, பாரசீகப் பகுதி அல்லாவுக்கு, தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனையில் கோயில் கொண்டிருந்த தெண்ணாவரை நாயனாருக்கு. சீனப் பேரரசர் நம் சாமிக்குத் தமிழில் காணிக்கைப் பட்டியல் எழுதி அனுப்பியிருக்கிறார் என்று சொன்னால் போதும், பிள்ளை கண்ணாடியில் மூக்கை வைத்துவிடும். எழுத்துகள் ஆழமில்லாமல் தேய்ந்திருப்பதால் நேரே நின்றால் ஒன்றும் புரியாது. ஒரு பக்கமாகச் சாய்ந்து, வெளிச்சம் குறுக்கே விழும் கோணத்தில் பார்த்தால் கோடுகள் எழும். முதலில் கல்லின் தலையில் எதிரெதிரே இருக்கும் இரண்டு ட்ராகன்கள், பிறகு தமிழ் எது என்று கண்டுபிடித்தல், பிறகு அடையாளம் தெரியும் ஓர் எழுத்தாவது. ஆறாம் வகுப்புப் பிள்ளை "ம", "ப" போன்றவற்றை உற்றுப் பார்த்துப் பிடித்துவிடும். இந்த நகரில் தமிழ்ப் பிள்ளைக்குக் காட்டுவதற்கு ஒரே ஒரு பொருளைத்தான் தெரியலாம் என்றால், இந்தக் கல்லைத்தான் தெரிவோம்.

பக்கத்தில் விகாரமாதேவி பூங்காவில் ஊஞ்சலும் சறுக்கலும் உண்டு, இருபது நிமிடம் விட்டால் நல்லது. மத்தியான வெயிலில் உலோகச் சறுக்கல் தொடையைச் சுடும், முதலில் உங்கள் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். பிறகு சைவக்கடைச் சாப்பாடு, வீடு, நித்திரை.

பின்னேரம்: காலி முகத்திடல்

இங்கே பட்டம் விடாமல் வந்தால் பிள்ளைகள் விடமாட்டார்கள். பின்னேரத்தில் காற்று கடலிலிருந்து தரைக்கு வீசும். அதனால் பட்டம் காலி வீதிப் பக்கம் போகும், நூல் அறுந்தால் வீதியிலேயே விழும். துரத்திக்கொண்டு ஓடுவதுதான் இங்குள்ள பெரிய ஆபத்து. கடற்சுவர்ப் பக்கம் போய், கடலுக்கு முதுகு காட்டி நின்று ஏற்றுங்கள். நூலை 30 மீற்றருக்குமேல் விடவேண்டாம். "வீதிக்குப் போன பட்டம் போனதுதான்" என்று தொடங்குமுன்பே பேசிக்கொள்ளுங்கள், இன்னொன்று வாங்கலாம்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று பலம், கடதாசிப் பட்டத்தின் ஈர்க்கு முறிந்துபோகும். அந்த மாதங்களில் முச்சையின் (பட்டத்தையும் நூலையும் இணைக்கும் கட்டு) முடிச்சை ஒரு விரற்கடை மேலே ஏற்றிக் கட்டுங்கள், இழுவை குறையும். காற்று மெல்லிதாக இருந்தால் சற்றுக் கீழே இறக்குங்கள். பட்டம் சுழன்று குத்தினால் வால் போதாது, பழைய துணிக் கீற்றால் ஒரு முழம் கூட்டுங்கள். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை வரும். முதல் இடி கேட்டதும் நூலைச் சுற்றிவிட்டு இடத்தைக் காலி செய்யுங்கள், வெட்ட வெளியில் நிற்கக்கூடாது. எந்த மாதமானாலும் இங்கே பிள்ளையைக் கடலில் இறக்கவேண்டாம்.

இறால் வடையை ஏற்கெனவே பொரித்து அடுக்கியதில் வாங்காமல், கண்முன்னால் சட்டியிலிருந்து எடுப்பதை வாங்குங்கள். இறால் தோலோடும் தலையோடும் இருக்கும். சின்னப் பிள்ளைக்குத் தலையையும் மீசையையும் கிள்ளி எடுத்துவிட்டுக் கொடுங்கள், மேலே ஊற்றும் மிளகாய்க் குழம்பை வேண்டாம் என்று முதலே சொல்லுங்கள். முன்பு இறால் சாப்பிட்டிராத பிள்ளைக்கு இது பரீட்சை பார்க்கும் இடமல்ல. வடையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தால் காகம் கையிலிருந்தே பறிக்கும். சுவரோரம் உட்கார்ந்து, கடதாசியை மேலே மடித்துச் சாப்பிடட்டும்.

அவசரமென்றால் 1990, இலவச அம்புலன்ஸ். பொலிஸ் 119. சிறுவர்களுக்கான பெரிய அரச மருத்துவமனை பொரளையிலுள்ள சீமாட்டி றிஜ்வே. கூட்டத்தில் தவறினால் எங்கே வந்து நிற்பது என்பதை வந்தவுடன் காட்டிவிடுங்கள், கொடிக்கம்பம் எங்கிருந்தும் தெரியும். உங்கள் தொலைபேசி எண்ணைப் பிள்ளையின் முழங்கையில் பேனையால் எழுதிவிடுவதும் நல்லது.

இருட்டுமுன் ஒரு தேடல் மிச்சம் இருக்கிறது. கடலோர நடைபாதையில் ஒரு பழைய நினைவுக் கல் உண்டு. 1856இல் தொடங்கி 1859இல் இந்த நடைபாதையை முடித்த ஆளுநர், தனக்குப் பின் வருபவர்கள் கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இதைப் பேணவேண்டும் என்று அதில் பொறித்துவைத்தார். எழுத்து ஆங்கிலம், பெரிய பிள்ளை வாசித்துச் சின்னதுக்குச் சொல்லட்டும். ஆளுநரின் பெயர் வரும் வரியை மட்டும் நீங்கள் வாசித்துக் கொடுக்காதீர்கள். காலையில் கோபுரத்தடியில் கேட்ட பெயர் அது.