பசு, தேயிலை ஆன கதை

கோத்தகிரியில் மனு தட்டச்சு செய்து கொடுக்கிறேன். தேயிலை விவசாயிகள்தான் அதிகம் வருவார்கள். அதனால் லிப்ரே ஆபீஸ் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளில், 'பசு' என்று அடித்து ஸ்பேஸ் தட்டினாலே 'பசுந்தேயிலை' வரும்படி, சொல்லைத் தானாக மாற்றும் ஆட்டோகரெக்ட்டில் வைத்திருந்தேன். இழப்பீடு கேட்டு வந்த ஓர் அண்ணனின் மனுவில் இப்படி விழுந்தது: 'என் கறவைப் பசுந்தேயிலை சிறுத்தை தாக்கி இறந்துவிட்டது.'

"எங்க தோட்டத்து இலை பால் கறக்குமா தம்பி?" என்றார்.

மாறியவுடன் கண்ட்ரோல் இசட் அடித்தால் பழைய சொல் திரும்பிவிடும். சரி, ஒவ்வொரு தடவையும் யார் அடிப்பது? ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸில், ரீப்ளேஸ் பட்டியலிலிருந்து அந்த வரியை நீக்கினேன். அப்புறம் 'பசுந்தேயிலை' என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் எஃப்3 அழுத்தி, சுருக்கத்தை விரித்துத் தரும் ஆட்டோடெக்ஸ்டில் 'பதே' என்ற சுருக்கத்தோடு சேமித்தேன். இனி 'பதே' என்று அடித்து எஃப்3 தட்டினால்தான் விரியும். ஸ்பேஸ் பட்டனுக்கு அந்த அதிகாரம் கிடையாது. பல வரிகளையும் இது தாங்கும் என்பதால், உதகமண்டலம் ஆட்சியர் அலுவலக முகவரியையும் இதிலேயே போட்டுவிட்டேன்.